உடையார்பாளையம் அரண்மனை: காஞ்சிப் பெருமாளும் கனம் கிருஷ்ணையரும் தங்கிய இடம்



எங்கள் கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள் கோயிலைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுப் பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள். "ஐயா, தஞ்சாவூருக்குப் போனால் அரண்மனை இருக்கிறது, மதுரைக்குப் போனால் மகால் இருக்கிறது. நம் அரியலூர்ப் பக்கம் அப்படி ஒன்றும் இல்லையா?" இருக்கிறது. அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகும் சாலையில், கங்கைகொண்டசோழபுரத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் கடந்துதான் போகிறோம். உடையார்பாளையம் ஜமீன் அரண்மனைதான் அது. நான் பள்ளியில் வரலாறு சொல்லிக் கொடுத்த காலமெல்லாம் இந்த வீட்டைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் ஒரு வரி வந்ததில்லை. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன். நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் வீட்டுக்காரர்கள் யார் என்று பார்ப்போம்.

திருச்சிராப்பள்ளிச் சீமையில் பெயர் சொல்லும்படியாக இருந்த பாளையங்களில் அரியலூர், உடையார்பாளையம், துறையூர், மருங்காபுரி ஆகிய நான்கும் முக்கியமானவை. அரியலூரை ஆண்டவர்கள் மழவராயர்கள். 'ஒப்பிலாத மழவராயர்' என்பது அவர்கள் பட்டம். அரியலூரில் உள்ள ஒப்பிலாத அம்மன் கோயிலை நினைத்துக்கொண்டால் இந்தப் பெயர் மறக்காது. உடையார்பாளையத்தை ஆண்டவர்களுக்குக் 'காலாட்கள் தோழ உடையார்' என்று பட்டம். காலாட்படை வீரர்களுக்குத் தோழன் என்று பொருள். சேனைத் தலைவனாக இருந்து பாளையக்காரரான குடும்பம் என்பதை இந்தப் பட்டமே சொல்லிவிடுகிறது. இவர்கள் தங்கள் பெயருக்கு முன்னால் 'கச்சி' என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்வார்கள். கச்சி யுவரங்கர், கச்சிக் கல்யாணரங்கர் என்று பெயர்கள் வரும். கச்சி என்றால் காஞ்சிபுரம். தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர்கள், பல்லவர் வழியினர் என்பது அவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்ட செய்தி. இந்தக் 'கச்சி' என்ற சொல்லை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே அதற்கு வேலை இருக்கிறது.

ஊரில் அரண்மனையோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை பயறணீசுவரர் கோயிலும் காண்டீப தீர்த்தம் என்ற பெரிய குளமும். அருச்சுனன் தன் காண்டீபத்தால் உண்டாக்கிய குளம் என்பது தலபுராணம். சுவாமி பெயருக்கும் கதை உண்டு. மிளகு மூட்டைகளோடு வந்த வணிகன் ஒருவன், சுங்கத்துக்குப் பயந்து, உள்ளே இருப்பது பயறு என்று பொய் சொன்னானாம். மூட்டையைப் பிரித்தால் மிளகெல்லாம் பயறாகியிருந்ததாம். வரி ஏய்ப்புக்குச் சுவாமியே தண்டனை கொடுத்த ஊர் என்று நான் வகுப்பில் சொன்னால் பையன்கள் சிரிப்பார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்த வீட்டின் வரலாற்றில் மூன்று கட்டங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

முதல் கட்டம், காஞ்சிப் பெருமாள் இங்கே வந்தது.

1688ஆம் ஆண்டுவாக்கில் ஔரங்கசீப்பின் படைகளும் மராட்டியப் படைகளும் காஞ்சிபுரம், வந்தவாசிப் பக்கம் மோதிக்கொண்டிருந்தன. காஞ்சியில் இருந்த மூன்று பெரிய கோயில்களான வரதராசப் பெருமாள், ஏகாம்பரநாதர், காமாட்சியம்மன் கோயில்களின் பொறுப்பாளர்கள் உற்சவ மூர்த்திகளை ஊரைவிட்டு வெளியே கொண்டுபோவது என்று முடிவு செய்தார்கள். பாடையில் வைத்துப் பிணம் போல மூடி எடுத்துச் சென்றார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. பிணம் என்றால் எந்தச் சிப்பாயும் கிட்டே வந்து திறந்து பார்க்கமாட்டான் அல்லவா? அப்படிப் புறப்பட்ட வரதர் வந்து சேர்ந்த இடம் உடையார்பாளையம். அன்றைக்கு இந்தப் பகுதி முழுக்க அடர்ந்த காடு. பீரங்கியை இழுத்துக்கொண்டு பெரிய படை உள்ளே நுழைய முடியாது. ஒளிந்திருக்க இதைவிடப் பாதுகாப்பான இடம் பக்கத்தில் கிடையாது. கூடவே, கச்சி என்ற பெயரையே தலையில் சூடிக்கொண்ட ஒரு குடும்பம் இங்கே ஆண்டுகொண்டிருந்தது.

தங்கக் காமாட்சி, அதாவது பங்காரு காமாட்சி, ஊர் ஊராகச் சென்று கடைசியில் தஞ்சாவூர் மேலராஜ வீதியில் நிலைபெற்றாள். சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரியின் குடும்பம்தான் அவளுக்குப் பூசை செய்த குடும்பம். அவள் வந்த வழியாகச் சொல்லப்படும் ஊர்களில் உடையார்பாளையமும் ஒன்று.

போர் ஓய்ந்த பிறகு என்ன ஆயிற்று? காஞ்சி வரதர் கோயிலில், தாயார் சந்நிதி அருகே, 1710ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஆபத்து நீங்கியபின் மூர்த்தியைத் திருப்பித் தர உடையார்பாளையத்துப் பாளையக்காரர் மனம் ஒப்பவில்லை, ஆத்தான் திருவேங்கட ராமானுச ஜீயர் தம் சீடரான லாலா தோடர்மல்லிடம் முறையிட்டார், அவர் படையைக் காட்டி மிரட்டி மூர்த்தியை மீட்டுக் காஞ்சியில் சேர்த்தார் என்பது அதில் கண்ட வரலாறு. இந்தத் தோடர்மல் கர்நாடக நவாபு சாதத்துல்லா கானின் கீழ் இருந்த சேனாதிபதி. அக்பருடைய மந்திரி தோடர்மல் என்று சிலர் எழுதுகிறார்கள். அந்தத் தோடர்மல் 1589இலேயே காலமாகிவிட்டார். இவர் வேறு. காஞ்சிக் கோயிலில் இவருடைய சிலையைப் பார்க்கலாம். வரதர் திரும்பி வந்த நாளை அந்தக் கோயிலில் 'உடையார்பாளையம்' என்ற பெயரிலேயே உற்சவமாகக் கொண்டாடுகிறார்கள்.

என் மாணவர்கள் பலருக்கு இது தெரியாது. நம் ஊர்ப் பெயர் காஞ்சிபுரத்தில் ஒரு திருவிழாவின் பெயர்!

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கல்வெட்டைப் படிப்பவர்களுக்கு உடையார்பாளையத்தார் பெருமாளைப் பிடித்து வைத்துக்கொண்டவர்கள் என்றுதான் படும். கல்வெட்டு வென்றவர்கள் பக்கத்திலிருந்து வெட்டியது. அதில் தப்பில்லை. எல்லாக் கல்வெட்டும் அப்படித்தான். ஆனால் மறுபக்கத்தையும் வைத்துப் பாருங்கள். 1688 முதல் 1710 வரை 22 ஆண்டுகள். அந்தக் காலம் முழுவதும் இந்த நாட்டில் அமைதி இல்லை. செஞ்சிக் கோட்டை முற்றுகை மட்டுமே 1690 முதல் 1698 வரை நடந்தது. அந்த 22 ஆண்டும் காஞ்சிப் பெருமாளுக்கு ஒரு கீறலும் படாமல் இருந்ததற்கு யார் காரணம்? அடைக்கலம் கொடுத்தவர்களுக்கு ஓர் ஒட்டுதல் வந்திருக்காதா? ஒரு தலைமுறைப் பிள்ளைகள் வரதரைத் தங்கள் ஊர்ச் சுவாமியாகவே பார்த்து வளர்ந்திருப்பார்கள். 'கச்சி' என்று பெயர் வைத்துக்கொண்ட குடும்பத்துக்குக் கச்சி வரதரே வீடு தேடி வந்துவிட்டார் என்பது எவ்வளவு பெரிய கௌரவம்! திருப்பித் தரத் தயங்கியது சரி என்று நான் சொல்லவரவில்லை. சுவாமி காஞ்சிக்குச் சொந்தம், போய்ச் சேர்ந்ததுதான் நியாயம். ஆனால் மீட்டவருக்குச் சிலை இருக்கிறது, காத்தவருக்கு அவர் ஊரிலேயே ஒரு பலகை கூட இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது கட்டம், அடைக்கலம் கொடுத்தவர்களே அடைக்கலம் தேடி ஓடியது.

1700களின் நடுவில் ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், ஆர்க்காட்டு நவாபு என்று மூன்று பக்கமும் பணம் கேட்டு நெருக்கினார்கள். திறை ஒழுங்காக வரவில்லை, போர்க்காலத்தில் உதவவில்லை என்பது பாளையக்காரர்கள் மேல் நவாபின் குறை. 1764 நவம்பரில் நவாபு முகமது அலி சென்னை ஆங்கிலேயக் கவுன்சிலிடம் முறையிட்டுப் படை உதவி பெற்றார். 1765 ஜனவரி 3ஆம் தேதி நவாபின் மகன் உம்தத்துல் உமராவும் டொனால்டு கேம்பெல் என்ற ஆங்கிலேய அதிகாரியும் அரியலூருக்குள் நுழைந்து ஊரைப் பிடித்தார்கள். இளவயதினரான அரியலூர் மழவராயர் தம் ஆட்களோடு உடையார்பாளையத்துக்கு ஓடிவந்தார். ஜனவரி 19ஆம் தேதி படை உடையார்பாளையத்தை நோக்கி வந்தது. பாளையத்துப் படை தோற்றது. இரண்டு பாளையக்காரர்களும் ஊரைவிட்டுக் கிளம்பித் தரங்கம்பாடியில் தஞ்சம் புகுந்தார்கள். தரங்கம்பாடி அப்போது டென்மார்க்குக்காரர்கள் கையில் இருந்தது.

எதற்காக இவ்வளவு அவசரம்? வரைபடத்தை எடுத்து வைத்துப் பாருங்கள். ஆர்க்காடு வடக்கே, திருச்சிராப்பள்ளி தெற்கே. இரண்டும் நவாபின் நகரங்கள். நடுவில் இந்த இரண்டு பாளையங்களும் அவற்றின் காடுகளும். இவற்றைப் பிடித்த பிறகுதான் ஆர்க்காடு முதல் திருச்சி வரை நவாபின் ஆட்சி இடைவெளி இல்லாமல் ஒரே நிலமாயிற்று. 16 நாள் இடைவெளியில் நம் மாவட்டத்தின் இரண்டு அரச குடும்பங்கள் வீடிழந்தன. பாளையக்காரர் என்றால் நமக்குக் கட்டபொம்மனும் பூலித்தேவனும்தான் நினைவுக்கு வருகிறார்கள். நம் ஊர்க் கதையையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஐதர் அலி, திப்பு சுல்தான் போர்களெல்லாம் முடிந்து 1801இல் கர்நாடகம் முழுவதும் ஆங்கிலேயக் கம்பெனி கைக்குப் போனது. பிறகு இந்தக் குடும்பங்கள் ஜமீன்தார்களாகத் திரும்பி வந்தன. பாளையக்காரருக்கும் ஜமீன்தாருக்கும் என்ன வித்தியாசம் என்று மாணவர்கள் கேட்பார்கள். பாளையக்காரருக்குப் படை உண்டு, காவல் உரிமை உண்டு. ஜமீன்தாருக்குக் குத்தகை வரும், அதிலிருந்து சர்க்காருக்குப் பேஷ்குஷ் கட்ட வேண்டும், அவ்வளவுதான். வாள் உறைக்குள் போய்விட்டது. 'காலாட்கள் தோழர்' என்ற பட்டம் இருந்தது, காலாட்கள் இல்லை.

மூன்றாவது கட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. இந்த வீடு பாட்டு வீடாக மாறியது.

படை இல்லாத அரசர் எதைக் கொண்டு பெயர் எடுப்பார்? கோயிலும் வித்துவான்களும்தான் வழி. கச்சி யுவரங்கர் இசையில் ஈடுபாடு மிக்கவர். அவர் சபையில் இருந்தவர் கனம் கிருஷ்ணையர் (1790 – 1854). இவர் வேற்றூர்க்காரர் அல்லர். உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் உள்ள திருக்குன்றத்தைச் சேர்ந்தவர். இளமையில் தஞ்சாவூர் அரண்மனைக்குப் போனார். அங்கே வந்த பொப்பிலி கேசவையா என்ற ஆந்திர வித்துவானிடம் 'கன மார்க்கம்' கற்றார். கனம், நயம், தேசிகம் என்று பாடும் முறைகள் உண்டு. அவற்றில் கனம் உடல் வலிமையும் மூச்சுக் கட்டுப்பாடும் கேட்கும் கடினமான முறை. அதைப் பழகி வென்றதால்தான் பெயருக்கு முன்னால் 'கனம்' வந்து ஒட்டிக்கொண்டது. தஞ்சாவூர், திருவிடைமருதூர் என்று இருந்துவிட்டுச் சொந்தச் சீமைக்கே திரும்பி வந்தார்.

யுவரங்கரைப் பாட்டுடைத் தலைவராக வைத்து அவர் இயற்றிய பதங்கள் பல. தமிழ்ப் பதங்கள் என்று இன்று கச்சேரியிலும் பரதநாட்டிய மேடையிலும் பாடப்படுகிறவற்றில் கனம் கிருஷ்ணையருடைய பாடல்களுக்குத் தனி இடம் உண்டு. வெளிநாட்டில் ஒரு தமிழ்ப் பெண் அவருடைய பதத்துக்கு அபிநயம் பிடிக்கும்போது, அந்தப் பாட்டின் வேர் நம் உடையார்பாளையத்தில் இருக்கிறது என்பது அவளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

அந்தக் கனம் கிருஷ்ணையரிடம் குருகுலவாசம் செய்து இசை கற்ற உறவுக்காரப் பிள்ளை ஒருவர் இருந்தார். பெயர் வேங்கடசுப்பையர். அவருக்கு 1855இல் ஒரு மகன் பிறந்தான். அந்த மகன்தான் தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர்!

உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. அவர் மறைந்த பிறகு 1950இல் புத்தகமாயிற்று. அதன் முதல் பகுதி முழுக்க நம் மாவட்டம்தான். உடையார்பாளையம், அரியலூர் (அவர் 'அரியிலூர்' என்று எழுதுவார்), குன்னம் என்று நம் ஊர்களாக வரும். அவர் தந்தையார் அரியலூர் அரண்மனையிலும் வித்துவானாக இருந்தவர். சிறுவன் சாமிநாதன் தமிழின் சுவையை முதலில் அறிந்தது அரியலூரில் சடகோபையங்காரிடம். ஜமீன்கள் கடனில் மூழ்கியபோது வித்துவான்கள் பாடு எப்படி ஆயிற்று, ஒரு குடும்பம் ஊர் ஊராகப் போய்க் கதை சொல்லிப் பிழைத்தது எப்படி என்பதையெல்லாம் அதில் படிக்கலாம். கனம் கிருஷ்ணையருக்கென்று தனியாகவும் ஒரு நூல் எழுதியிருக்கிறார். அரண்மனைக்குள் யார் பாடினார்கள், யார் என்ன பரிசு கொடுத்தார்கள் என்பதெல்லாம் இன்று நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்த ஒரு மனிதர் எழுதி வைத்ததால்தான். ஜமீன்தார் சோறு போட்டு வளர்த்த பாட்டுக்காரரின் சீடருடைய மகன், ஜமீனின் பெயரை அச்சில் நிலைக்கச் செய்துவிட்டார். செய்த தர்மம் இப்படியும் திரும்பி வருகிறது.

சரி, இன்று அந்த வீடு எப்படி இருக்கிறது?

1948இல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. உழுதவனுக்கு அது பெரிய விடுதலை. அதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. ஜமீன் காலத்தில் குடியானவன் பட்ட பாட்டைச் சொல்லப் புகுந்தால் இன்னொரு பதிவு வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிராமங்கள் போயின, வருமானம் போயிற்று, நூறு பேர் வேலை செய்து பராமரித்த வீடு மட்டும் அப்படியே நின்றது. தமிழ்நாடு முழுவதும் ஜமீன் அரண்மனைகள் சரிந்ததற்கு இதுதான் காரணம். வாரிசுகளைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு ஓட்டு வீட்டை ஒழுக்கு இல்லாமல் வைத்துக்கொள்ள நமக்கு என்ன செலவாகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

உடையார்பாளையம் அரண்மனையிலும் பல பகுதிகள் சிதைந்துவிட்டன. சுவரில் அரச மரமும் ஆல மரமும் வேர்விட்டுவிட்டால் அந்தச் சுவருக்கு நாள் குறித்தாகிவிட்டது என்று அர்த்தம். பறவை போட்ட ஒரு விதை, விரிசலில் கொஞ்சம் ஈரம், போதும். பத்து ஆண்டில் செங்கல்லைப் பிளந்துவிடும்.

இதில் நம் ஊருக்கு ஒரு வேடிக்கையான பொருத்தம் உண்டு. எங்கள் கல்லங்குறிச்சி உலகப் புவியியல் அறிஞர்களுக்கெல்லாம் தெரிந்த பெயர். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இங்கே கடல் இருந்தது. அந்தக் கடலில் வாழ்ந்த கிளிஞ்சல் உயிர்களின் ஓடுகள் படிந்து உருவான சுண்ணாம்புப் பாறைக்குக் 'கல்லங்குறிச்சிப் படிவு' என்றே பெயர். அந்தச் சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் அரியலூரைச் சுற்றி இத்தனை சிமெண்ட் ஆலைகள். ஆனால் பழைய அரண்மனையைப் பழுது பார்க்கச் சிமெண்ட் உதவாது! பழைய காரை சுண்ணாம்பை நீற்றி, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுப் பக்குவப்படுத்தியது. அது ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும், கட்டடம் லேசாக அசைந்தால் தானும் கொடுத்துப் போகும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, பழைய செங்கல் உதிர்ந்துபோகும். நல்ல எண்ணத்தோடு சிமெண்ட் பூசிக் கெடுத்த கோயில் மண்டபங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆகவே பழுது பார்ப்பதாக இருந்தால் சுண்ணாம்புக் காரை தெரிந்த கொத்தனார்தான் வேண்டும்.

சென்னையில் உ.வே.சா. வாழ்ந்த 'தியாகராச விலாசம்' என்ற திருவல்லிக்கேணி வீட்டை நினைத்துப் பாருங்கள். சங்க இலக்கியத்தையும் காப்பியங்களையும் அச்சுக்குக் கொடுத்த மனிதரின் வீடு அது. தலைநகரத்தில், பத்திரிகைக்காரர்களும் பேராசிரியர்களும் சூழ இருந்த இடத்தில், 2012இல் அது இடிக்கப்பட்டது. அங்கேயே காப்பாற்ற முடியாதபோது, பேருந்தை விட்டு யாரும் இறங்கிப் பார்க்காத உடையார்பாளையத்தில் என்ன நடக்கும்? அதே 2012ஆம் ஆண்டில்தான் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டமும் வந்தது. சட்டம் இருக்கிறது. நம் வீட்டைப் பற்றிப் பேச நாம்தான் வாய் திறக்க வேண்டும்.

நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. நம்மால் ஆகக்கூடிய மூன்று காரியங்களைச் சொல்கிறேன்.

1. அரண்மனை தனியார் சொத்து. உரியவர்களிடம் அனுமதி கேட்டு, நிற்கின்ற பகுதிகளை ஒழுங்காகப் படம் எடுத்து, அளவெடுத்து வரைபடமாக்கி வைக்க வேண்டும். நம் மாவட்டத்தில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர். ஒரு செய்முறைப் பயிற்சியாகவே இதைச் செய்யலாம். நாளைக்குச் சுவர் விழுந்தாலும் வரைபடம் விழாது.

2. உடையார்பாளையம், அரியலூர்ச் சுற்றுவட்டாரத்தில் பழைய பத்திரம், ஓலைச்சுவடி, ஜமீன் ரசீது, புகைப்படம் வீட்டுப் பரணில் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள். கைப்பேசியில் ஒரு படமாவது எடுத்து வையுங்கள்.

3. ஆசிரிய நண்பர்கள், கங்கைகொண்டசோழபுரத்துக்குச் சுற்றுலா அழைத்துப் போகும்போது உடையார்பாளையத்தில் ஒரு அரை மணி நேரம் நிறுத்துங்கள். பயறணீசுவரரைக் கும்பிட்டு, காண்டீப தீர்த்தக் கரையில் பிள்ளைகளை உட்கார வைத்து, காஞ்சி வரதர் இங்கே ஒளிந்திருந்த கதையையும் கனம் கிருஷ்ணையர் பாடிய கதையையும் சொல்லுங்கள். ராஜேந்திர சோழனின் கங்கைப் படையெடுப்புப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. இந்தக் கதையை நாம் சொன்னால்தான் உண்டு.

இன்னொரு பதிவில் அரியலூர் மழவராயர்களைப் பற்றியும், கோதண்டராமர் கோயிலின் தசாவதாரத் தூண்களைப் பற்றியும் எழுதுகிறேன். அதுவரை, உடையார்பாளையத்து நண்பர்கள் உங்கள் தாத்தா பாட்டி அரண்மனையைப் பற்றிச் சொன்ன செய்தி ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள். சின்னச் செய்தியாக இருந்தாலும் பரவாயில்லை. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு வருகிறேன்.